‘ஓகே சார்’ சொன்ன முப்பத்தெட்டு பேரும் கும்மிடிப்பூண்டிக்கு ஓடிய நானும்

கும்மிடிப்பூண்டிக்குச் சுற்றுலா போனதாக யாரும் எழுதி நான் படித்ததில்லை. நானும் சுற்றுலாவுக்குப் போகவில்லை. என் பேச்சைக் கேட்டு ஒரு மனிதர் செத்துவிடுவாரோ என்ற பயத்தில், போன ஞாயிற்றுக்கிழமை காலை பாதி பல் தேய்த்த வாயோடு ஓடினேன். இருந்தாலும் இது பயண வலைப்பதிவு என்பதால் ரயில், கட்டணம், தூரம் எல்லாம் உண்டு. ஆன்லைனில் பாடம் எடுப்பவர்கள் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். இந்தப் பயணம் உங்களுக்கும் வாய்க்கலாம்.

கொருக்குப்பேட்டையில் என் வீட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்து, தொழிற்சாலைப் பாதுகாப்பு பற்றி மாலை நேர ஆன்லைன் வகுப்பு எடுக்கிறேன். மேலே சட்டை, கீழே லுங்கி. மாணவர்கள் எல்லாரும் மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேலை பார்ப்பவர்கள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் தொங்கியபடி, கேமராவை அணைத்துவிட்டுக் கேட்பார்கள். நான் என்ன சொன்னாலும் ‘ஓகே சார்’ என்று எழுதுவார்கள். “இது ஏன் இப்படி?” என்று கேட்டாலும் ஓகே சார்தான். ஒருமுறை நெட் கோளாறில் என் வாய் மட்டும் சத்தமில்லாமல் பத்து நிமிடம் அசைந்திருக்கிறது. அதற்கும் எட்டு ஓகே சார்.

“யார் சொன்னாலும் ஆதாரம் கேளுங்கள், நான் சொன்னாலும் கேளுங்கள்” என்று முதல் வகுப்பிலேயே முழங்கியிருந்தேன். (அதற்கும் ஓகே சார்.) இவர்களை எப்படியாவது யோசிக்க வைக்க வேண்டும் என்று அந்த வாரம் வியாழக்கிழமை ஒரு தந்திரம் செய்தேன். வகுப்பு முடிந்ததும், வேண்டுமென்றே ஒரு தப்பான வாக்கியத்தை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். தப்பு என்று சொல்லவில்லை. ‘இதைப் பற்றி விவாதிக்கவும்’ என்று மட்டும் எழுதினேன். ஞாயிறு மாலை வகுப்பு வரை நான் வாய் திறக்கக் கூடாது. வாத்தியார் நடுவில் நுழைந்தால் விவாதம் படுத்துவிடும் என்பது என் கொள்கை. கொள்கைப் பிடிப்பில் குழுவை மியூட்டிலும் போட்டுவிட்டேன்.

“தப்பா சொல்றதுக்கு உங்களுக்கு சம்பளம் வேறயா? ஊட்ல ஃப்ரீயாதானே சொல்றீங்க?” என்றாள் என் மனைவி. பொறாமை என்று நினைத்தேன்.

நான் போட்ட வாக்கியம் இதுதான்: ‘மூடிய தொட்டிக்குள் வேலை செய்பவர் மயங்கி விழுந்தால், வெளியே நிற்பவர் ஒரு நொடியும் தாமதிக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கி அவரைத் தூக்க வேண்டும்.’

தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். இறங்கினால் இரண்டு பேரும் காலி. இந்தத் தொழிலில் அரிச்சுவடியே இதுதான். யாராவது ஒருவர் பாய்ந்து வந்து என்னைக் கிழிப்பார் என்று காத்திருந்தேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு, பிரஷ் வாயில் இருக்க, சும்மா குழுவைத் திறந்தேன். முப்பத்தெட்டு ஓகே சார். இரண்டு ‘சூப்பர் சார்’. அதற்கெல்லாம் கீழே, முந்தின நாள் தனசேகர் என்பவர் ஒரு போட்டோ போட்டிருந்தார். இரும்புத் தொட்டியின் வாய்; பின்னால் பச்சைத் தகரச் சுவர்; பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டிய காகிதம். என் வாக்கியம். அடியில் என் பெயர். ‘சார், ஞாயிறு பத்து மணிக்கு எங்க கம்பெனியில தொட்டி கிளீனிங். எல்லாருக்கும் தெரியட்டும்னு ஒட்டிட்டேன். நன்றி சார்.’

பிரஷ் எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

தனசேகருக்கு போன் செய்தேன். அணைக்கப்பட்டிருந்தது. அந்தக் கம்பெனியில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்று அவரே ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. கம்பெனி எண்ணைத் தேடி அடித்தேன்; ஞாயிற்றுக்கிழமை யார் எடுப்பார்கள்? குழுவில், ‘நான் வியாழக்கிழமை சொன்னது தப்பு, யாரும் உள்ளே இறங்காதீர்கள்’ என்று போட்டேன். உடனே பதில் வந்தது: ஓகே சார்.

கொருக்குப்பேட்டையில் 7.35 மின்சார ரயில். டிக்கெட் பத்து ரூபாய். கும்மிடிப்பூண்டிக்கு நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சாதாரணமாக ஒன்றே கால் மணி நேரத்துக்குள் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு, ஆனால் உட்கார இடம் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது. உட்கார முடியவில்லை.

எண்ணூர் தாண்டி அத்திப்பட்டில் ரயில் நின்றது. நிலக்கரி ஏற்றிய சரக்கு ரயிலுக்கு வழிவிட வேண்டுமாம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. எதிர் சீட்டில் மடியில் டிபன் கேரியருடன் ஒரு பெண், தொழிற்பேட்டை கேண்டீன் ஒன்றில் வேலை பார்ப்பவர், பெயர் ஸ்டெல்லா, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா சார், மூஞ்சியெல்லாம் வேர்த்துக்கினு கீது? நாஷ்டா துன்னலியா?”

யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். போட்டோவைக் காட்டினேன். சிரிப்பார், நாமும் சிரித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. அவர் சிரிக்கவில்லை.

“எங்க தெருல இதே மாதிரி ஆச்சு சார். கக்கூஸ் தொட்டி. ஒர்த்தரு எறங்கினாரு, சத்தமே இல்ல. அண்ணன்னு கத்திக்கினே தம்பி எறங்கிச்சு.” கேரியரின் பிடியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். “இன்னொர்த்தரும் போவப் பாத்தாரு. எங்க அம்மாதான் அவரு காலைக் கட்டிக்கினாங்க.”

ரயில் நகர்ந்தது. மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை. இறங்கும்போதுதான் போட்டோவை மறுபடி வாங்கிப் பார்த்து, “இந்தப் பச்ச தகரம் தெரிதே, அது மூணாவது ரோடு கடைசி கம்பெனி. ஆட்டோல போங்க சார், நடக்காதீங்க” என்றார்.

கும்மிடிப்பூண்டி வந்தபோது மணி 9.10. நிலையத்திலிருந்து அந்த கேட் மூன்று கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோ நூற்றிருபது ரூபாய். பேரம் பேசினால் நூறுக்கு வருவார்கள். என்னைப் போல “எவ்ளோ வேணாலும் தரேன், சீக்கிரம்” என்று தொடங்கினால் வரமாட்டார்கள்.

“இன்னா நைனா, யாருக்கு சீரியஸு?” என்றார் ஓட்டுநர்.

“இன்னும் யாருக்கும் இல்ல.”

திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார். இரும்பு உருக்கும் வாசனையும் கெமிக்கல் நெடியும் மாறி மாறி அடித்தன. ஒவ்வொரு புகைபோக்கியும் எனக்குத் தொட்டியாகவே தெரிந்தது.

பச்சை கேட்டில் காவலாளி நிறுத்தினார். “ஐடி கார்டு?”

“நான் தனசேகரோட ஆன்லைன் வாத்தியார்.”

“ஆன்லைன் வாத்தியாரு நேர்ல இன்னாத்துக்கு வந்தீங்க?” நியாயமான கேள்வி. பிறகு முகம் மலர்ந்தது. “ஓ, அந்த தொட்டியாண்ட பேப்பரு எழுதினவரா? நல்லா கீது சார். சின்ன கொயந்தைக்குக்கூட புரியும்.”

என் எழுத்தை யாராவது பாராட்டி நான் இப்படி வெலவெலத்தது அதுதான் முதல் முறை.

உள்ளே இன்டர்காமில் சொல்லி தனசேகரை வரவழைத்தார். வகுப்பில் ஒரு எழுத்தாகத்தான் தெரிவார், வட்டத்துக்குள் ‘த’. நேரில் முப்பத்தைந்து வயது இருக்கும். நீல நிற வேலை உடுப்பு, இடுப்பில் கயிறு மாட்டும் பெல்ட். மணி 9.40. உள்ளே இறங்கப் போவதே அவர்தான் என்று அந்த பெல்ட்டைப் பார்த்ததும் புரிந்தது.

“சார்! நீங்களா? இன்னா சார் இம்மாந்தூரம்?”

“அந்தப் பேப்பரைக் கிழிச்சுடு தனசேகர். அது தப்பு. நான் வேணும்னுதான் தப்பா போட்டேன்.”

அவர் முகம் குழம்பியது. பிறகு மெல்லச் சிரித்தார். “இது டெஸ்ட்டு தானே சார்?”

“டெஸ்ட் இல்லப்பா!”

“நீங்கதானே சொன்னீங்க, யார் சொன்னாலும் ஆதாரம் கேளுன்னு. ஆதாரம் இன்னா சார்?”

மூன்று மாதமாக இந்தக் கேள்விக்குத் தவமிருந்தேன். வந்தது, இருபது நிமிடம் பாக்கி இருக்கும்போது. “வியாழக்கிழமை ஏன்யா இதைக் கேக்கல?” என்று கத்தினேன்.

“வியாழக்கிழமை நீங்க வாத்தியாரு சார். இப்ப கேட்டாண்ட நிக்கிற ஆளு.”

காவலாளி பக்கென்று சிரித்தார். நான் குனிந்து பார்த்தேன். பட்டன் மாறிய சட்டை, இரண்டு கால்களிலும் வேறு வேறு செருப்பு. அவர் சொன்னது சரி. இப்படி ஒரு ஆள் வந்து மாற்றிச் சொன்னால் நானும் நம்பமாட்டேன். விதி எண், சுற்றறிக்கை என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கடைசியில் கேள்விதான் கையில் இருந்தது.

“சரி, நான் சொல்லல. நீ யோசி. உள்ள எறங்கினவன் ஏன் விழுந்தான்?”

“காத்து இல்லாம இருக்கும். இல்ல, கேஸு.”

“மூச்சைப் பிடிச்சுக்கினு ஏணியில எறங்கி, எழுபது கிலோ ஆளைத் தூக்கு. எவ்ளோ நேரம் மூச்சு நிக்கும்?”

உதடு அசைந்தது. எண்ணிப் பார்க்கிறார் போல. “தம் கட்டிக்கினு தூக்க முடியாது சார். தூக்கறப்போ விட்ருவோம்.”

“விட்டா?”

அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன். கேமரா அணைந்த வகுப்பில் இதெல்லாம் தெரிவதில்லை.

“மேல நிக்கறது என் மச்சான் சார்,” என்றார். “எனுக்கு ஒண்ணுன்னா பேப்பரே தேவையில்ல, குதிச்சிருவான். அவனுக்குன்னுதான் நான் ஒட்டினதே.”

சொல்லிவிட்டு ஓடினார். எனக்கு உள்ளே அனுமதி இல்லை. 9.50. 9.55. கேட்டுக்கு வெளியே, வெயிலில். உள்ளேயிருந்து திடீரென்று சங்கு ஊதியது. அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். “இன்னா பேஜாரு சார் ஒங்களோட! அது டீ சங்கு” என்று காவலாளி தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

10.20க்கு தனசேகர் வந்தார். கையில் கசங்கிய காகிதம். காற்றைச் சோதிக்கும் மீட்டரோடு ஆள் வரும்வரை வேலையை நிறுத்திவிட்டார்களாம். “நேத்து ஒட்டினே, இன்னிக்கு கிழிக்கிறே, பைத்தியமாடான்னு சூப்பர்வைசரு திட்றாரு. மச்சான்கிட்ட, யாரு வுழுந்தாலும் எறங்காத, கயித்தை இழு, ஆளைக் கூப்புடுன்னு சொன்னேன். ஏன்னு கேட்டான். ஒங்க கேள்வியவே கேட்டேன் சார்.” பிறகு கொஞ்சம் தயங்கி, “இனிமே நீங்க எது போட்டாலும் எனுக்கு பயமா கீது” என்றார்.

எனக்கும்தான் என்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு என்றால் 7.35ஐத் தவறவிடாதீர்கள். நிலைய வாசலில் இட்லி கிடைக்கும், திரும்பும்போது சாப்பிட்டேன். கம்பெனிக்குள் இருப்பவரை போனில் பிடிக்கலாம் என்று நம்பாதீர்கள். பாடம் எடுப்பவர்களுக்கு: உயிர் போகிற விஷயத்தில் தப்பை விதைத்து விளையாடாதீர்கள். விதைத்தால் அதே வகுப்பில், நீங்கள் லாக்-அவுட் செய்வதற்கு முன் பிடுங்கிவிடுங்கள். வாக்கியத்துக்குப் பதில் கேள்வியைப் போடுங்கள். கேள்வியை யாரும் அச்சடித்துச் சுவரில் ஒட்டமாட்டார்கள். என் வகுப்பில் இப்போது ‘ஓகே சார்’ தடை. முதலில் இரண்டிரண்டு பேராகப் பேசி, ‘ஏன்’ என்று ஒன்றாவது கேட்டு அனுப்பவேண்டும். அன்று மாலையே ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியாக அழைத்துப் பேசினேன். எல்லாரும் நலம். இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

நேற்று காலை என் சகலை வழக்கம்போல ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் அனுப்பினார். பூவுக்குக் கீழே, ‘பலமுறை பகிரப்பட்டது’ என்ற குறியோடு, என் வாக்கியம். என் பெயருக்கு முன்னால் யாரோ ‘நிபுணர்’ சேர்த்திருந்தார்கள்.

‘உள்ளே இறங்கியவர் ஏன் விழுந்தார் என்று யோசித்தீர்களா?’ என்று பதில் அனுப்பினேன்.

இரண்டு டிக், நீலமானது. சகலை டைப் செய்துகொண்டிருப்பதாகக் காட்டியது. வெகுநேரம் காட்டியது.

உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.