பின் இருக்கையில் பாலகோபால்

என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். தாய்லாந்தில், ஹுவா ஹின் என்ற கடற்கரை ஊரில் பைக் வாடகைக்கு எடுத்த அன்று மட்டும் இது எனக்கு மறந்துபோயிருந்தது.

கோவை கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பெயர் பாலகோபால், வயது ஐம்பத்து மூன்று. எந்தக் கருகிய மோட்டாரையும் ஓட வைத்துவிடுவேன் என்பதால், ஓடுகிற எதையும் ஓட்டிவிடுவேன் என்ற நினைப்பு எப்படியோ வந்துவிட்டது. மனைவி வெங்கடலட்சுமி ஆர்.எஸ்.புரம் பள்ளியொன்றில் கணக்கு டீச்சர். பத்தொன்பது வருடமாக ஸ்கூட்டரில்தான் போய்வருகிறாள். இருவரும் சேர்ந்து போனால் மட்டும் வண்டி என் கைக்கு வந்துவிடும்.

இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு மகள் நேஹா டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். கடலோரமாக ஊர் ஊராகப் பைக்கில் போவது என் யோசனை. பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் ஒரு மாதம் அதைச் சொல்லித் தீர்த்தேன். வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பெர்மிட் வாங்க ஆர்டிஓ ஆபீஸ் போனபோது, லட்சுமியும் தனக்கொன்று எழுதிக் கொடுத்தாள்.

"உனக்கெதுக்கு?" என்றேன்.

"இருக்கட்டுங்க" என்றாள்.

வாடகைக் கடைக்காரப் பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு ஸ்கூட்டர் சாவியை நீட்டினார். நான் பெருந்தன்மையாகச் சிரித்து, மூலையில் நின்ற ஐநூறு சிசி வண்டியைக் காட்டினேன். ஏறி உட்கார்ந்தால் கட்டைவிரல் நுனி மட்டும் தரையைத் தொட்டது. ஓடுகிற வண்டியில் காலுக்கு என்ன வேலை என்று சமாதானம் செய்துகொண்டேன்.

ஓடும்வரை பிரமாதமாகத்தான் ஓடியது. நின்றபோதுதான் விழுந்தோம். முதலில் சிக்னலில், அவசரமே இல்லாமல், இடப்பக்கம் சாய்ந்தோம். அடுத்து ஒரு இளநீர்க் கடை வாசலில். கடைக்கார அம்மா அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்து தூக்கினார். மூன்றாவது, பிரான்புரி மீன்பிடித் துறைமுகத்தில் கணவாய் மீன் காயப்போட்டிருந்த வலைத் தட்டின்மேல். என் கணுக்கால் பிசகியது.

லட்சுமி எழுந்து துப்பட்டாவில் ஒட்டியிருந்த கணவாயை எடுத்து, மறுபடி தட்டில் வைத்தாள்.

"ரோடு சரியில்ல லட்சுமி."

"ரோடு நல்லாத்தான் இருக்குதுங்க. உங்க காலுதான் எட்ட மாட்டேங்குது."

அங்கிருந்த மீனவர் ஒருவர் பைக்கையும் எங்களையும் தன் வேனில் ஏற்றி, கடையிலேயே கொண்டுவந்து விட்டார். கடைக்காரப் பெண்மணி என் காலைப் பார்த்தார். அதே ஸ்கூட்டர் சாவியை இந்த முறை லட்சுமியிடம் நீட்டினார்.

மடியில் பையோடு பின்னால் உட்கார்ந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. லாரி வருது, மணல் கிடக்குது, இண்டிகேட்டர் போடு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். இல்லாத பிரேக்கை வலது கால் மிதித்தபடியே இருந்தது. பத்தாவது கிலோமீட்டரில் லட்சுமி ஓரமாக நிறுத்தினாள்.

"ஏனுங்க, காந்திபுரத்துல தெனமும் பஸ்ஸுக்கு நடுவால ஓட்டிட்டுப் போறனுங்க. அங்க யாரு வந்து சொல்லித் தர்றாங்க?"

அதன்பிறகு பேசவில்லை. பேச்சு நின்றதும்தான் இடப்பக்கம் கடல் இருப்பது தெரிந்தது. கடலோரப் பயணம் என்று பேர்தானே தவிர, அதுவரை நான் பார்த்தது தரையை மட்டும்தான். இன்னொன்றும் தெரிந்தது. லட்சுமி ஓட்டும்போது பாடுகிறாள். சுதி சேரவில்லை, ஆனாலும் பாடுகிறாள். இருபத்தைந்து வருடத்தில் நான் கேட்டதே இல்லை.

அப்படியே பிரச்சுவாப் ஊர்வரை போனோம். தென்னை வரிசையும் மீன்பிடிப் படகுகளுமாக ஒரு வீடியோ எடுத்து, பெருமையாகக் குடும்ப குரூப்பில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் மைத்துனர் சீனிவாசலுவின் பதில் வந்தது: "மாப்ள, வீடியோ நல்லாருக்குதுங்க. தங்கச்சி முதுகு நல்லாத் தெரியுது. நீங்க எங்கீங்க?"

ஐந்தாம் நாள் பாங் சபான் கடற்கரையில் லட்சுமி வண்டியை நிறுத்தினாள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஆளில்லாத சாலை.

"இப்ப நீங்க ஓட்டறீங்களா?" என்று கேட்டாள். உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள்.

"காலு இன்னும் வலிக்குது" என்றேன்.

"அப்படிங்களா? நேத்து மலைக்கோயில்ல கொரங்கு தொரத்துனப்ப நல்லாத்தான ஓடுனீங்க."

பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டேன். அவள் வண்டியைக் கிளப்பினாள்.