குறைந்த மார்க்கோடு மாடி ஏறியவர்கள்

ரிசல்ட் வந்த அன்று பாதி ஊர் ஸ்வீட் கடைக்குப் போகும். மீதி ஊர் மறுநாள் எங்கள் டுடோரியலுக்கு வரும். அடுகோடி ஏரியாவில் ஒரு டயர் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறோம். தமிழ்நாட்டில் பிளஸ் டூ என்கிறார்களே, அதற்கு இங்கே செகண்ட் பி.யூ. அதில் ஃபெயிலானவர்களும், பாஸாகியும் காலேஜுக்கு மார்க் போதாதவர்களும் அடுத்த பரீட்சைக்குப் படிக்கிற இடம். நான் பாடம் நடத்துகிறவள் இல்லை. ஒன்பது வருஷமாக வாசல் மேசையில் உட்கார்ந்து சேர்க்கை ஃபாரம் நிரப்புகிறேன். மார்க் ஷீட்டை நாலாக மடித்துப் பைக்குள் ஒளித்துக்கொண்டு அலைந்தவர்களா நீங்கள்? அப்படியென்றால் இங்கே வருகிற எல்லாருமே உங்களுக்கும் எனக்கும் சொந்தக்காரர்கள்தான்.

அப்பாவின் படிப்பு

பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிற ஒருவர் தன் மகள் ரேவதியை அழைத்து வந்தார். கணக்கில் ஃபெயில். கீழே படியில் ஆரம்பித்த திட்டு என் மேசைக்கு வந்தும் நிற்கவில்லை. "ஒரு கணக்கு போட வரலன்னா தலைக்குள்ள என்னதான் இருக்கு?" அந்தப் பெண் துப்பட்டா நுனியைத் திருகியபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திட்டை நிறுத்த எனக்குத் தெரிந்த வழி ஃபாரம்தான். அப்பா பெயர் கேட்டேன், வேலை கேட்டேன். "என்ன படிச்சிருக்கீங்க சார்?" மனுஷர் சட்டென்று அடங்கிவிட்டார். ஜன்னல் பக்கம் திரும்பி, "எஸ்.எஸ்.எல்.சி. எழுதினேன்" என்றார். பாஸா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். ரேவதி அப்போதுதான் நிமிர்ந்தாள். அவளுக்கே அது புதுச் செய்தி. கேலி செய்யாமல், நிஜமான அக்கறையோடு, "எதுலப்பா போச்சு?" என்று கேட்டாள். அவர் கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கணக்குதாம்மா."

வேற பேட்ச்

முருகேஷ் எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒன்றுக்கு கேப் ஓட்டுகிறவர். முப்பது வயதுக்கு மேல். இங்கிலீஷ் ஒன்று மட்டும் பல வருஷமாக நிற்கிறது. அதை முடித்தால் மாலைக் காலேஜில் பி.காம். சேரலாம். கல்யாணம் பேசும்போது பி.யூ. பாஸ் என்று சொல்லிவிட்டாராம். "வீட்டு நம்பருக்கு மட்டும் கூப்பிட்டுடாதீங்க மேடம்" என்று கெஞ்சியிருந்தார். ஒருநாள் அவர் டெஸ்ட்டுக்கு வரவில்லை. நான் நம்பர் மாறிப்போய் வீட்டுக்கே கூப்பிட்டுவிட்டேன். எடுத்தது மனைவி.

அன்றிரவு எனக்கு ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டோமே என்று பயம். மறுநாள் காலை அந்தப் பெண் நேராக என் மேசைக்கு வந்து நின்றாள். நான் எழுந்தே விட்டேன். அவள் சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு, குனிந்து, மெதுவான குரலில் சொன்னாள்: "எனக்கும் ரெண்டு சப்ஜெக்ட் நிக்குது மேடம். அவருக்குத் தெரியாது. வேற பேட்ச்ல போட்டுடுங்க."

காரணம் எழுதும் கட்டம்

ஸ்டெல்லா ஃபெயில் இல்லை. ஆனால் அந்த மார்க்குக்கு எந்தக் காலேஜும் வாசலைத் திறக்கவில்லை. எங்களிடம் படித்து, அடுத்த பரீட்சை எழுதி, மார்க்கை நன்றாகவே உயர்த்திக்கொண்டாள். பிறகு அப்ளிகேஷனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். முதல் தடவை மார்க் ஏன் குறைந்தது என்று எழுத அதில் ஒரு கட்டம்.

எனக்குக் காரணம் தெரியும். பரீட்சைக்கு முந்தைய மாதங்களில் அவள் அம்மாவுக்குப் பெரிய ஆபரேஷன். ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் கூட இருந்தது இவள் ஒருத்திதான். அதை எழுது, பார்க்கிறவர்களுக்குப் புரியும் என்றேன். அவள் பேனாவை எடுத்து, "நான் சரியாகப் படிக்கவில்லை" என்று இங்கிலீஷில் ஒரே வரி எழுதினாள். எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஏன் பொய் எழுதுகிறாய் என்று கேட்டேன். "கையெழுத்துப் போடப்போறது அம்மாதான் மேடம். எதுவானாலும் படிச்சுப் பாத்துட்டுதான் போடுவாங்க."

சீட் கிடைத்துவிட்டது. அந்த ஒரு வரியைப் பார்த்துக் கொடுத்தார்களா, புது மார்க்கைப் பார்த்துக் கொடுத்தார்களா, தெரியாது.

என் வீட்டு ரிசல்ட்

போன வருஷம் என் மகன் அருணுக்கு ஐம்பத்திரண்டு சதவீதம். அவன் கேட்ட கோர்ஸுக்கு அது போதாது. எட்டு வருஷம் ஊரார் பிள்ளைகளுக்கு ஆறுதல் சொன்ன வாய், அன்று சமையலறையில் நின்று என்னென்ன சொன்னதோ, அவற்றை எழுத மாட்டேன். பக்கத்து வீட்டு கன்னட அம்மா வந்து, "சாக்கு, பிடி" என்று என் கையைப் பிடித்து நிறுத்தினார். கன்னடத்தில் அதற்குப் போதும், விடுங்கள் என்று அர்த்தம்.

மறுநாள் அவனை எங்கள் டுடோரியலுக்கே அழைத்துப் போனேன். அவன் ஃபாரத்தையும் நான்தான் நிரப்ப வேண்டும். வரிசையில் அவனுக்கு முன்னால் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். தண்ணீர் கொடுத்து, இன்னொரு பரீட்சை இருக்கிறது, கண்ணைத் துடைத்துக்கொள் கண்ணு என்று தட்டிக்கொடுத்து அனுப்பினேன். அடுத்து அருண். முகத்தை இறுக்கிக்கொண்டு, "மார்க் ஷீட் எங்கடா?" என்றேன். அவன் மேசைமேல் அதை வைத்துவிட்டு, வாசலில் நின்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னான்: "இப்ப அந்தப் பொண்ணுகிட்ட பேசினீங்களே, அதே மாதிரி என்கிட்டயும் ஒரு தடவை பேசுங்கம்மா."

பிள்ளைகளுக்கு வருஷத்தில் இரண்டு மூன்று தடவை பரீட்சை வைத்துத் தேற்றிவிடுகிறார்கள், பெற்றவர்களுக்குத்தான் இன்னும் சப்ளிமெண்டரி அறிவிக்கக் காணோம்.