சிற்றம்பலத்தின் கையெழுத்து

புளியங்குளத்துக்குக் கிழக்கே கமம் செய்யும் சிவனேஸ்வரிக்குத் தன் கையெழுத்தைவிடப் புருசன் சிற்றம்பலத்தின் கையெழுத்துத்தான் திறமாக வரும். பதினொரு வருசப் பழக்கம், வராமல் எங்கே போகும்? 2009இல் சண்டை முடிகிற நாளில் வட்டுவாகலில் சனத்தோடு சனமாக நடந்து வரும்போது அந்த மனுசன் காணாமல் போனார். அரசாங்கம் கொடுத்த காணியின் பெர்மிட்டோ அவர் பெயரில். உரமானியத்துக்கும் வாய்க்கால் கூட்டத்துக்கும் அவர் பெயரில் இவளே கையெழுத்து வைத்தாள். முந்தி இருந்த உத்தியோகத்தர்கள் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார்கள். அந்தப் பக்கத்தில் அப்படிக் கையெழுத்து வைத்த பெண் இவள் ஒருத்தியா என்ன?

மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி எத்தனையோ பேர் வந்து போனார்கள். “செத்ததை நான் காணேல்லை. காணாததை எப்பிடி எழுதித் தாறது?” என்பாள். அதோடு கதை முடிந்துவிடும்.

பிறகு கொரோனா வந்தது. ஊரடங்கில் லொறி வரவில்லை. முக்கால் ஏக்கர் கத்தரி செடியிலேயே மஞ்சளாகி விழுந்தது. இரண்டு நாள் தின்ற மாடும் மூன்றாம் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சிவனேஸ்வரி அழவில்லை. எழும்பினாள், தேத்தண்ணி குடித்தாள், கத்தரியைப் பார்த்தாள், படுத்தாள். நாள் அப்படியே போனது.

பாதிக்கப்பட்ட கமக்காரருக்கு அரசாங்கம் உதவிப்பணம் கொடுக்கிறதாம் என்றார்கள். அது கிடைத்தால் மாரிமழையோடு விதைக்கிற காலபோகத்துக்கு விதைநெல் வாங்கலாம். கிடைக்காவிட்டால் காணி தரிசு. தரிசாக விட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம் அந்தக் குடியேற்றத்தில் எல்லாருக்கும் உண்டு. வழமைபோல அவர் பெயரில் கையெழுத்து வைத்துப் படிவத்தைக் கொடுத்தாள்.

ஆனால் உத்தியோகத்தர் புதிது. சுகிர்தன் என்று ஒரு இளம் ஆள், ஊரில் ஒருத்தரையும் தெரியாது. படிவத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டான். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது.

“ஐயாவை ஒருக்காக் கூப்பிடுங்கோ அம்மா. ஆளைப் பாத்து உறுதிப்படுத்தச் சொல்லியிருக்கினம்.”

“அவர் இல்லை.”

“எப்ப வருவார்?”

இந்தக் கேள்வியை இத்தனை வருசத்தில் ஒருத்தரும் இவ்வளவு சாதாரணமாகக் கேட்டதில்லை. சந்தைக்குப் போன கதையைச் சொல்வதுபோல வட்டுவாகலைச் சொல்லி முடித்தாள். பாவம், அவன் தலை குனிந்துகொண்டான்.

“அப்ப இந்தக் கையெழுத்தை நான் எடுக்கேலாது அம்மா. குறை நினைக்காதேங்கோ. அவர் மோசம் போயிட்டார், இனி உயிரோடை இல்லை எண்டு நீங்கள் எழுதித் தந்தா, உங்கடை பெயரிலை காசு வரும். நாளையோடை பட்டியல் முடியுது.”

சொல்கிற எங்களுக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது. அவளுக்கு ஒன்றும் வரவில்லை. விதைப்புக்கு இன்னும் எத்தனை கிழமை இருக்கிறது என்றுதான் மனம் எண்ணியது. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, பேனையை வாங்கி, அவன் சொல்லச் சொல்ல எழுதினாள். கடைசியில் தன் பெயரில் கையெழுத்து வைத்தாள். எழுத்துகள் கோணல்மாணலாக விழுந்தன.

சுகிர்தன் வாசித்துப் பார்த்தான்.

“மோசம் போன திகதி போடேல்லை அம்மா. என்ன போட?”

சிவனேஸ்வரி பேனையை அவனிடம் நீட்டினாள்.

“இண்டைக்கு என்ன திகதி தம்பி?”

“ஒன்பதாம் மாசம் பதினாலு.”

“அதைப் போடுங்கோ.”