ஜெசிதாவின் வெள்ளக் கொப்பி

எங்கள் சனசமூக நிலையத்தின் ஆண்டு மலருக்கு, தபாற்காரி ஜெசிதாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லையா, அல்லது கதிரவேலுவைச் சீண்டிப் பார்ப்போம் என்று கேட்டார்களா தெரியாது. கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குப் பத்தொன்பது வருடம் தலைவராக இருந்தவன் நான். என்னைப் பற்றி யாரும் இதுவரை அரைப் பக்கம்கூட எழுதியதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். பொய் எழுத வராது, ஆகவே அவள்மேல் எனக்குள்ள எரிச்சலும் கூடவே வரும்.

ஜெசிதாவுக்கு நாற்பத்தாறு வயது. புத்தூரில் எங்கள் ஒழுங்கைத் தெருவின் மேல் முனையில் இருந்த எட்வேர்ட் மாஸ்டரின் ஒரே மகள். மாஸ்டர் வேதக்காரர், மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். எனக்கும் படிப்பித்தார். எனக்கு அவர் போட்ட புள்ளிகளை இங்கே சொல்லத் தேவையில்லை. அவர் காலமான பிறகு, படுக்கையில் விழுந்த தாயைப் பார்த்துக்கொண்டு, கலியாணத்தையும் தள்ளிப் போட்டுப் போட்டுக் கடைசியில் மறந்துவிட்டு, தபாற்கந்தோர் வேலையில் சேர்ந்தாள். முதலில் சைக்கிள், இப்போது ஒரு பழைய ஸ்கூட்டி. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் கடிதத்தை வாசித்தும் காட்ட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. மாரி மழையில் கடிதம் பிந்தினால் கந்தோரில் காரணம் கேட்பார்கள். அதற்காக ஒரு கொப்பி வைத்து, எந்த வீட்டு வாசற்படலையில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அன்றன்றைக்கு எழுதி வந்தாள். அளவுகோல் அவளுடைய கால்தான். பாதம், கரண்டைக்கால், முழங்கால். மாஸ்டரின் மகள் அல்லவா, பதினொரு மாரி ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறாள்.

இரண்டு வருடத்துக்கு முன் பிரதேச சபை ஓர் அறிவித்தல் போட்டது. எந்தக் காணி தோட்டமாகவே இருக்க வேண்டும், எங்கே வீடு கட்டலாம், வெள்ளம் எந்த வழியால் ஓட வேண்டும் என்று ஊருக்கு ஒரு திட்டம் போடப் போகிறார்கள், பொதுமக்கள் வந்து கருத்துச் சொல்லலாம். எங்கள் ஒழுங்கையோ கார்த்திகை பிறந்தால் குளம். பழைய வெள்ளவாய்க்கால் எங்கேயோ அடைபட்டுக் கிடக்கிறது, எங்கே என்றுதான் யாருக்கும் தெரியாது. கூட்டத்துக்கு முதல் வாரம், சங்கத்தின் பெயரில் கையெழுத்து வாங்கி நான் ஒரு மகஜர் எழுதிக்கொண்டிருந்தபோது, ஜெசிதா கொப்பியோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"கதிரவேலண்ணை, உங்கடை மகஜரோடை இதையும் சேத்துக் குடுக்க ஏலுமோ? ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ."

"உது சங்க விஷயம் பிள்ளை. கடிதம் குடுக்கிற கணக்கெல்லாம் உதுக்குள்ளை வராது," என்று திறந்தும் பாராமல் திருப்பிக் கொடுத்தேன். அவள் கொப்பியை வாங்கிக்கொண்டு போனாள்.

கூட்டத்தன்று வேட்டி சால்வையோடு போனேன். ஒன்பது பக்க மகஜர், நாற்பத்து மூன்று கையெழுத்து. சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதுரா அதை மரியாதையாக வாங்கி, மேசையில் வைத்து, அதன்மேல் தன் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தாள். பிறகு ஜெசிதா எழும்பிக் கொப்பியை நீட்டினாள். மதுரா இரண்டு பக்கம் புரட்டினாள். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அரை மணித்தியாலம் தலை நிமிரவில்லை. அந்தக் கொப்பியை வைத்துத்தான் வரைபடத்தில் ஒழுங்கை நீளத்துக்கும் வாய்க்காலுக்கு நீலக் கோடு கீறினார்கள். சனம் கை தட்டியது. என் மகஜரில் கையெழுத்துப் போட்ட நாற்பத்து மூன்று பேரும் தட்டினார்கள்.

எனக்குப் பொறாமைதான். மறைத்து என்ன பயன்? இரவில் சாப்பாட்டைத் தள்ளி வைத்தேன். மனைவி நல்லம்மா சும்மா இருப்பாளா?

"உங்களுக்கு வெள்ளம் வடியவேணுமோ, உங்கடை பேர் வரவேணுமோ?" என்று கேட்டாள்.

இரண்டும் வேண்டும் என்றேன். இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னாள். நான் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

வரைபு வரைபடத்தைச் சபையில் தொங்கவிட்டு, ஆட்சேபம் இருந்தால் ஒரு மாதத்துக்குள் எழுதித் தரச் சொன்னார்கள். நான் எழுதினேன். கால் அளவை நம்பி ஊருக்குத் திட்டம் போடுவது பகிடி. நில அளவையாளரைக் கொண்டு வாய்க்காலை மேல் முனையிலிருந்து கீழ் முனைவரை ஓரடி விடாமல் அளக்க வேண்டும். என் கணக்கு என்னவென்றால், மேல் முனையில் இருப்பது எட்வேர்ட் மாஸ்டரின் வளவு. அங்கே வேலி எப்படியும் வாய்க்காலுக்குள் நாலு விரல் நுழைந்திருக்கும், ஜெசிதாவின் முகத்தில் கரி பூசலாம்.

என்னுடைய மதில் எனக்கு நினைவுக்கே வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். வருடா வருடம் வேலி அடைக்கும்போது கதியால் தடியை ஒரு சாண், வாய்க்கால் ஓடும் ஒழுங்கைப் பக்கம் தள்ளி நடுவது எங்கள் பகுதியில் களவில் சேர்த்தியில்லை. என் அப்பா தள்ளினார், நானும் தள்ளினேன். பிறகு கனடாவிலிருந்து மகன் கீர்த்திகன் மதில் கட்டித் தந்தபோது, வேலி நின்ற இடத்தில் அத்திவாரம் போட்டோம்.

அளக்க வந்தார்கள். ஊரே பின்னால் வந்தது. மேல் முனையில் ஜெசிதாவின் வேலி, எல்லைக்கு ஒரு முழம் உள்ளே, அவளுடைய காணிக்குள்தான் நின்றது. அளவு நாடா இறங்கி இறங்கி வந்து கீழ் முனையில் என் மதிலில் முட்டியது. ஆறடி வாய்க்காலில் நாலடி என் மதிலுக்குள் இருந்தது.

"ஐயா, அளக்கச் சொல்லி எழுதித் தந்தது நீங்கள்தானே?" என்று மதுரா கேட்டாள். பகிடிக்குக் கேட்கவில்லை, பத்திரத்தில் குறிப்பதற்காகக் கேட்டாள். ஓம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

சபையார் வந்து மதிலை இடித்த அன்று ஜெசிதா கடிதத்தோடு வந்தாள். அன்றைக்குத்தான் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பதினொரு மாரி. ஒழுங்கையில் எல்லாப் படலைக்கும் முழங்கால், முழங்கால், கரண்டைக்கால். என் மதிலுக்குக் கீழே, ஒழுங்கையின் கடைசியில் இருந்த என் படலைக்கு மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே வரி: கதிரவேலண்ணை வீடு, தண்ணி இல்லை. கண் உள்ளவன் ஒருமுறை புரட்டியிருந்தால் வெள்ளம் எங்கே முட்டி நிற்கிறதென்று கண்டுபிடித்திருப்பான்.

"உனக்குத் தெரியும். ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"சபைக்குக் குடுக்க முதல் உங்களிட்டைத்தானே அண்ணை கொண்டு வந்தனான். நீங்களே பாத்து, நீங்களே மதிலை உள்ளுக்குத் தள்ளிக் கட்டியிருந்தால் ஒருத்தருக்கும் தெரியாமல் முடிஞ்சிருக்கும். நீங்கள் திறக்கேல்லை."

கொப்பியை மூடித் திருப்பிக் கொடுத்தேன். அவள் கடிதத்தைக் கையில் தந்துவிட்டுப் போனாள்.

போன கார்த்திகையில் வாய்க்கால் ஓடியது. சனம் குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்தது. ஜெசிதா வாய்க்கால் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். இடிபட்டது என் மதில், பெயர் அவளுக்கு. நினைத்தால் இப்போதும் எரிகிறது. அன்று அவள் ஸ்கூட்டியை நிறுத்தி, என் படலையடியில் கால் வைத்துப் பார்த்து, தண்ணி வடிந்த பிறகு திரும்பி வந்து எழுதினாள்: கதிரவேலண்ணை வீடு, கரண்டைக்கால், ஒரு மணித்தியாலம்.

மற்ற வீடுகளுக்கு என்ன எழுதியிருக்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். எல்லோருக்கும் அதேதான். இப்போது மழை தொடங்கினால் நான் படலையில் போய் நின்றுகொள்கிறேன், அவள் என் வீட்டை எழுதாமல் போய்விடுவாளோ என்று.