பஸ் ஏறியதும் வருகிற வயிற்றுவலி

போன செவ்வாய்க்கிழமை காலை, கதவைத் தட்டிய வேகத்திலேயே தெரிந்துவிட்டது, வந்திருப்பது என் தங்கை செல்விதான் என்று. திறந்தால்... ஏழு வயது மகள் ரோஷினியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறாள். பிள்ளையின் வெள்ளைச் சீருடை முழுக்க வாந்தி.

"பாருங்கக்கா, இன்னைக்கும் பாதி வழியில எறங்கிட்டோம். வயித்தப் புடிச்சிக்கிட்டு துடிக்குது. போதும்க்கா. இனிமே இத டவுன் ஸ்கூலுக்கு அனுப்ப மாட்டேன்."

செல்வி இருப்பது தெஹியோவிட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில். கணவர் பால்வெட்டுக்குப் போகிறார். இவள் டவுனில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறாள். தினமும் காலையில் தாயும் மகளும் ஒன்றாக பஸ் ஏறுவார்கள். ரோஷினியை ஸ்கூலில் விட்டுவிட்டு இவள் கடைக்குப் போவாள். அந்த பஸ் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகும்.

டவுன் ஸ்கூலை நிறுத்தினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு சரி. செல்வியின் படிப்பு நின்றதும் அங்கேதான். மகளுடைய படிப்பும் அதே இடத்தில் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு ஓட்டமும். அவளே 'போதும்' என்று சொல்கிறாள் என்றால் எவ்வளவு பயந்திருப்பாள்?

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். மீன்காரர் "இன்னைக்குப் புடிச்சதுங்க" என்றால் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவள் நான். மருந்துப் போத்தலை மருந்துக்கடைக்காரர் முன்னாலேயே முகர்ந்து பார்ப்பேன். ஆக, இரண்டு மாதமாக இந்த வயிற்றுவலியைப் பற்றி நானும் செல்வியும் சந்தேகப்படாத ஆளில்லை.

முதலில் லயத்துப் பீலியில் வருகிற மலைத் தண்ணீர் மேல் சந்தேகம். காய்ச்சிக் கொடுத்தோம். பிறகு ஸ்கூல் வாசலில் விற்கிற கலர் டொஃபி. நிறுத்தினோம். பூச்சியாக இருக்கும் என்று பூச்சி மருந்து. குடல் ஏறிவிட்டது என்று ஒருவர் சொல்ல, எண்ணெய் தடவி நீவி விட்டோம். கண்ணூறு என்று மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டோம். மிளகாய் நெடியில் எங்களுக்குத்தான் இருமல் வந்தது.

கடைசியில் சந்தேகம் அதே லயத்தில் அடுத்த வீட்டுக் காம்பரா சரோஜா மேல் விழுந்தது. பாவம், காலையில் சுடுகிற ரொட்டியில் ஒன்றை ரோஷினிக்குக் கொடுக்காமல் அவள் சாப்பிடமாட்டாள். ஆனால் பீலியில் யாருடைய வாளி முதலில் என்று செல்விக்கும் அவளுக்கும் ஒரு சண்டை நடந்திருந்தது. அது போதாதா? "சண்டைக்கு அப்புறமும் ரொட்டி குடுக்குறாளே, ஏன்?" என்று கேட்டாள் செல்வி. எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது!

ரொட்டியை நிறுத்தினோம். சரோஜா செல்வியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்: "ஒன் மேல கோவம் இருந்தா ஒன் வாளியத்தானே தள்ளுவேன், புள்ளைக்கு ஏண்டி செய்யப் போறேன்?"

ரொட்டி நின்றது. வலி நிற்கவில்லை.

அப்புறம் இன்னொன்றைக் கவனித்தேன். சனி, ஞாயிறில் வலி இல்லை. பௌர்ணமிப் போயா லீவிலும் இல்லை. ஆகா, நடிப்பு! அல்லது ஸ்கூலில் யாரோ அடிக்கிறார்கள். நேரே போய் டீச்சரைக் குறுக்கு விசாரணை செய்தேன். "வரும்போது முகம் வாடியிருக்கும், இன்டர்வலுக்கு முன்னாலேயே சரியாயிரும். நல்லா விளையாடுற பிள்ளை," என்றார். டீச்சரையும் நான் முழுதாக நம்பவில்லை.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். பிள்ளையைக் கழுவித் துடைத்து, தெரிந்த த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டு குழந்தைகளைப் பார்க்கிற ஒரு டாக்டரிடம் போனோம். அரை மணிக்கு முன் துடித்த பிள்ளை, வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தது. பாலத்தடியில் எருமை நிற்கிறது, த்ரீவீலர் மாமாவின் கண்ணாடியில் குட்டிச் செருப்பு தொங்குகிறது... செல்வியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நடிப்பேதான்.

டாக்டர் ஒரு சிங்களப் பெண்மணி, சின்ன வயது. வயிற்றை அமுக்கிப் பார்த்தார். எடுத்து வைத்திருந்த டெஸ்ட் ரிப்போர்ட், ஸ்கேன் எல்லாவற்றையும் புரட்டினார். "வயிற்றில் கோளாறு ஒன்றுமில்லை," என்றார் சிங்களத்தில்.

ஒன்றுமில்லை என்று சொல்கிற டாக்டர்கள் மேல் எனக்குத் தனியாகவே ஒரு சந்தேகம் உண்டு. "அப்ப நடிக்கிறாளா, டாக்டர்?" என்றேன்.

அவர் முகம் சட்டென்று மாறியது. "இல்லை. கோளாறு இல்லை என்றுதான் சொன்னேன், வலி இல்லை என்று சொல்லவில்லை. வலி நிஜம்."

பிறகு விளக்கினார். குடலைச் சுற்றி நரம்புகள் வலைபோல ஓடுகின்றனவாம். மூளைக்கும் அதற்கும் இடையே ஓயாமல் பேச்சுவார்த்தை நடக்கிறதாம். மூளை பயந்தால் குடல் இறுகும், சில நேரம் பேதியாகும், வாந்தி வரும். பெரியவர்கள் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொல்லிவிடுவோம். சின்னப் பிள்ளைக்கு அந்தப் பயத்துக்குப் பெயர் தெரியாது. தெரிந்ததைச் சொல்லும்... 'வயிறு வலிக்குது.'

நாமும்தானே சொல்கிறோம், வயிற்றைக் கலக்குகிறது, அடிவயிற்றில் பகீர் என்றது என்று? சொல்லிக்கொண்டே இருக்கிறோம், நம்பத்தான் மாட்டோம்.

"வீட்டில் நன்றாக இருக்கிறாள். ஸ்கூலில் நன்றாக இருக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார் டாக்டர்.

"பஸ் மட்டுந்தான்," என்றாள் செல்வி.

டாக்டர் பிள்ளையிடம் குனிந்து சிங்களத்தில் கேட்டார், பஸ்ஸில் என்ன பயம் என்று. ரோஷினி சிங்களம் நன்றாகப் பேசுவாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. தாயைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். பிறகு என் காதில் வந்து குசுகுசுத்தாள்.

"பெரியம்மா, இங்க தமிழ் பேசலாமா?"

டாக்டருக்கு அந்தக் குசுகுசுப்புக் கேட்டிருக்க வேண்டும். தட்டுத் தடுமாறிய தமிழில், "பேசு, பேசு. இங்க பேசலாம்," என்றார்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். பஸ் ஏறுவதற்கு முன், தமிழர் என்று தெரியாதிருக்க, செல்வி நெற்றிப்பொட்டை எடுத்துக் கைப்பையின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொள்வாள். டவுனில் இறங்கியதும் எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வாள். இந்தப் பக்கத்தில் இதை எத்தனை பேர் செய்கிறோம் என்று சொல்லத் தேவையில்லை. மகளுக்கும் சட்டம் போட்டிருந்தாள்: பஸ்ஸில் தமிழ் கூடாது, என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் சிங்களப் பிள்ளைகள் மாதிரி 'அம்மே' என்று கூப்பிடு. தமிழ் என்றாலே சந்தேகப்படுகிற காலம், வழியில் ஆமி செக்பொயின்ட் இருக்கிறது. யார் எப்படிப்பட்டவர்கள் என்று தெரியாது. யாரைக் குறை சொல்வது?

ஒரு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ரோஷினி, மறந்துபோய்க் கத்திவிட்டாள்: "அம்மா, அங்க பாருங்க, கொரங்கு குட்டி!" பஸ்ஸில் இருந்த பலர் திரும்பிப் பார்த்தார்கள். செல்வி அவள் தொடையில் கிள்ளினாள். கொஞ்ச தூரத்தில் செக்பொயின்ட். செல்வியைத் தனியாக நிறுத்தி, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கேள்வி மேல் கேள்வி. பிள்ளை தனியாக வரிசைக்கு இந்தப் பக்கம் நின்றிருக்கிறாள்.

"நா தமிழ் பேசுனதாலதான் அம்மாவ புடிச்சாங்க," என்றாள் ரோஷினி. "இனிமே பேசிருவேனோன்னு வாய இறுக்க மூடிக்குவேன். அப்ப வயிறு வலிக்கும்."

செல்வி அழுதேவிட்டாள். "ஐயோ, அன்னைக்கு எல்லாரையுந்தானே எறக்குனாங்க! தோட்டத்து அட்ரஸைப் பாத்துட்டு என்னைய கொஞ்சம் கூட கேட்டாங்க. ஒன்னாலயா சாமி?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. செல்வி மேலா? அவளுக்கு வேறு வழி? பிள்ளையின் வாய்க்குள் போனதையெல்லாம் தோண்டித் துருவினோம். வாயை விட்டு வெளியே வரக்கூடாது என்று நாமே அடைத்து வைத்ததை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. சரோஜாவின் ரொட்டியில் விஷம் தேடிய புத்திசாலிகள் நாங்கள்.

டாக்டர் பெரிதாக மருந்து எழுதவில்லை. "பயப்படாதே என்று சொல்லாதீர்கள். அம்மா பயப்படவில்லை என்பதை அவள் கண்ணால் பார்க்கட்டும்," என்றார். திரும்பி வரும்போது செல்வி கேட்டாள், "பயமில்லாத மாதிரி எப்படிக்கா இருக்கிறது?" வாராவாரம் உங்களுக்குப் புத்தி சொல்கிறவள், "வெள்ளிக்கிழமை நானும் கூட வர்றேன்," என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் நானும் ஏறினேன். செல்வியின் நெற்றியில் பொட்டு இருந்தது. இடித்து நெருக்கி ஒரு சீட் பிடித்தோம். ரோஷினி வழக்கம்போல் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செல்வி பையிலிருந்து வடை சுற்றிய ஒரு காகிதச் சரையை எடுத்தாள். தொண்டையைச் செருமினாள். முன் சீட்வரைக்கும் கேட்கிற மாதிரித் தமிழில் சொன்னாள்:

"ரோஷினி, சூடா வடை இருக்கு. திங்கிறியா கண்ணு?"

முன் சீட்காரர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னமும் தெரியாது. பிள்ளை அவரைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். செல்வி சரையை இரண்டு கையாலும் கசக்கிப் பிடித்திருந்தாள். நல்லவேளை, பயம் முகத்துக்கு வரவில்லை.

"குடுங்கம்மா," என்றாள் ரோஷினி. சின்னக் குரல்தான். ஆனால் தமிழ்.

செக்பொயின்டில் எல்லாரையும் இறக்கினார்கள். அட்டையைப் பார்த்தார்கள், பொட்டைப் பார்த்தார்கள், எண்ணெய் வடிகிற பிள்ளையின் வாயையும் பார்த்தார்கள். போகச் சொன்னார்கள். அடுத்த தடவையும் இப்படியே போகச் சொல்வார்களா? அந்த உத்தரவாதத்தை யாரிடம் போய்க் கேட்பது?

ரோஷினி வடை முழுவதையும் தின்று முடித்து, எனக்கு வைத்திருந்ததையும் வாங்கித் தின்றுவிட்டு, வயிற்றுவலி இல்லாமல் ஸ்கூலுக்குள் ஓடினாள்.

நான்தான், டவுனில் இறங்கிய உடனே கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று விசாரிக்க வேண்டியதாயிற்று!