மக்காச்சோளம் காயும் என் அறை

நேற்று வீடியோ காலில் அம்மா என் அறையைக் காட்டினாள். தரை முழுக்க மக்காச்சோளக் கதிர்கள். நேபாளத்தில், போக்ராவுக்கு மேலே ஒரு மலைக்கிராமத்தில், எனக்கென்று அப்பா கட்டிய அறை அது. நான் ஒரு ராத்திரிகூட அதில் படுத்ததில்லை. என்னைக் கேட்டால், சோளத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அறை என்றதும் எனக்கு ஞாபகம் வருவது கடுகெண்ணெய் வாசனைதான். மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்கள் வந்துபோகும் ஓர் ஓட்டலில் அப்பா சமையல்காரர். அடுப்படிக்குப் பின்னால் ஒரே அறை, நாலு பேர். எனக்கும் தம்பிக்கும் நடுவே அம்மாவின் பழைய புடவை திரையாகத் தொங்கும். அவன் குறட்டை விட்டால் இந்தப் பக்கமிருந்து உதைப்பேன். அங்கே படித்துத்தான் ஐ.டி. ஆபீசில் வேலைக்குப் போனேன். பக்கத்து சீட்டுப் பெண் என் தலைமுடியில் எண்ணெய் வாசத்தைக் கண்டுபிடித்துவிடுவாளோ என்று, முதல் மாதமெல்லாம் ஷாம்புவாக வாங்கிக் குவித்தேன்.

அப்பாவுக்கு முட்டி தேய்ந்துபோனது. நேபாளத்துக்கே போய்விடலாம் என்று அவரும் அம்மாவும் முடிவு செய்தார்கள். நானும் தம்பியும் கூடவே மூட்டை கட்ட வேண்டுமாம். நான் முடியாது என்றேன்; தம்பியும் என் பக்கம்தான். எனக்குத் தெரிந்த மலை, மாமல்லபுரத்துப் பாறைதான்.

நெம்மேலியில் ஒரு மாடி போர்ஷன் காலி என்று கேள்விப்பட்டுப் போன் செய்தேன். பேச்சு நன்றாகத்தான் போனது. நேரில் பார்த்ததும் வீட்டுக்கார அக்காவின் முகம் மாறியது.

"இன்னாம்மா, போன்ல நம்மூரு பொண்ணாட்டம் பேசுன?"

"நம்மூரு பொண்ணுதான்க்கா. செங்கல்பட்டு ஆஸ்பத்திரில பொறந்தேன்."

"அதெல்லாம் சரி. வயசுப் புள்ளைங்க தனியா இருக்கறதுன்னா பெத்தவங்க வந்து சொல்லணும். அம்மாவ இட்டுகினு வா."

அம்மாவுக்குத் தமிழ் அரைகுறை. பள்ளிக்கூடம், டாக்டர், காய்கறிக் கடை, எங்கே போனாலும் சின்ன வயதிலிருந்து நான்தான் அவளுக்கு வாய். அவளைக் கூட்டிப்போன அன்றும் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். அம்மா அந்த அக்காவை நேராகப் பார்த்து, எங்கள் மொழியில் நிதானமாகச் சொன்னாள்: "இவர்களுக்கு வீடு கொடுக்காதீர்கள். கொடுக்காவிட்டால் இவள் என்னோடு வந்துவிடுவாள்." பிறகு என் பக்கம் திரும்பி, "சொல்லு" என்றாள்.

மாற்றிச் சொன்னால் அந்த அக்காவுக்குத் தெரியவா போகிறது? ஆனால் அத்தனை வருஷமும் அம்மா என் வாயை நம்பித்தான் இந்த ஊரில் வாழ்ந்தாள். அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிட்டு ஒரு வீட்டுக்குக் குடிபோக எனக்கு மனசு வரவில்லை.

"எங்களுக்கு வூடு குடுக்காதீங்கன்னு சொல்றாங்கக்கா. குடுக்கலன்னா நான் கூட வந்துடுவேனாம்." மூச்சை இழுத்துவிட்டு என் பங்கையும் சேர்த்தேன். "நீங்க குடுக்கலன்னா வேற வூடு பார்ப்பேன். போகமாட்டேன்." அதையும் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன்.

அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் பொண்ணு துபாய்ல கீது. கூப்டு கூப்டு வாயே வலிச்சுப் போச்சு. நான் வூடு குடுக்கலன்னாலும் உம் பொண்ணு வராது. என் கண்ணு முன்னாடியாவது இருக்கட்டும்."

சாயங்காலம் வரை இருவரும் டீ குடித்துக்கொண்டு பெற்ற பெண்களைத் திட்டினார்கள். என்னைத் திட்டியதையும் நானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அம்மா அழுதாள். நானும்தான்.

இன்றும் அதே மாடியில்தான் இருக்கிறோம். ஓட்டல் அறையை இடித்துவிட்டு அங்கே கார் நிறுத்துகிறார்கள். புடவைத் திரை எங்கே போனதோ தெரியவில்லை. தம்பிக்குத் தனி அறை. குறட்டை சுவரைத் தாண்டி வருகிறது, உதைக்கத்தான் முடியவில்லை. என் முடியில் இப்போது வெறும் ஷாம்பு வாசம்.

ஒவ்வொரு முறை பேசும்போதும் கடைசியில் அம்மா, "எப்ப வர்ற?" என்பாள். அவளிடம் மிச்சமிருக்கும் தமிழ் அது. நான் "வரமாட்டேன்" என்பேன். சிரித்துக்கொண்டே வைத்துவிடுவோம். நேற்று சோளத்தைக் காட்டி, அறை சும்மாதானே கிடக்கிறது என்றாள். வழக்கமான அந்தக் கேள்வியைக் கேட்காமலே வைத்துவிட்டாள்.

நான் போகப் போவதில்லை. அதில் மாற்றமில்லை. ஆனாலும் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் திரும்பக் கூப்பிட்டுக் கேட்பாளோ என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.