சந்தனமேரியின் இருபத்தைந்து தலைகள்

தேவிகுளம் மலைகளில் திரியும் புலிகள் எல்லாம் காலையில் பல் விளக்கிவிட்டு, சந்தனமேரி டூட்டிக்கு வந்தாச்சா என்று விசாரித்த பிறகுதான் வெளியே தலை காட்டும். அவள் விரல் நீட்டினால் வரையாடு கொம்பைச் சரிசெய்துகொண்டு போட்டோவுக்கு நிற்கும். யானை ஓரமாக ஒதுங்கி பஸ்ஸுக்கு சலாம் போடும். நம்பாதவர்கள் டிக்கெட் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டு வருஷம் எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியவள். இடுப்பு வலி படுத்திய பிறகு தேசியப் பூங்கா பஸ்ஸில் தற்காலிக வேலை கிடைத்தது. காக்கிச் சட்டை, கழுத்தில் விசில். ஆட்களை மலைமேல் கூட்டிப்போய் வரையாட்டைக் காட்டி, தலை எண்ணி, திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். எண்ணும்போது ‘ஒன்று’ என்ற சொல் அவள் வாயில் வராது. அவள் அப்பா களத்தில் நெல் அளந்தவர். முதல் மரக்காலுக்கு ‘லாபம்’ என்றுதான் பெயர். டூரிஸ்ட் தலைக்கும் அதே கணக்கு. லாபம், ரெண்டு, மூணு.

அன்றைக்குக் கடைசி டிரிப். மீனாட்சிபுரத்திலிருந்து வந்த செல்வலட்சுமியின் மடியில் நாலு வயசு மோனிஷா. சந்தனமேரி ‘லாபம்’ என்று தாயின் தலையைத் தொட்டதும், குழந்தை ‘ரெண்டு!’ என்று கத்தியது. மலை ஏறும்வரை இருவருக்கும் அதே விளையாட்டு.

மேலே பனி இறங்கிவிட்டது. எல்லாரும் குல்லாவும் சால்வையுமாக முண்டியடித்து ஏறினார்கள். அவள் முன்னாலிருந்து பின்னால்வரை தொட்டு எண்ணினாள். இருபத்தைந்து. சரி. விசில் ஊதினாள்.

மூன்று கிலோமீட்டர் இறங்கிய பிறகு முன்சீட்டிலிருந்து செல்வலட்சுமி திரும்பி, “ஏனுங்க, பாப்பா தூங்கிட்டாளா?” என்று கேட்டாள்.

பின்சீட்டிலிருந்த அவள் கணவன் மோகனசுந்தரம் எழுந்தேவிட்டான். “உங்கிட்டத்தானே இருந்தா?”

அந்தத் தாய் போட்ட சத்தத்தில் டிரைவர் ஈஸ்வரன் பிரேக்கை மிதித்தார்.

“எண்ணினேன் தம்பி. இருபத்தஞ்சு இருந்துச்சு. மாதா சத்தியமா இருந்துச்சு,” என்றாள் சந்தனமேரி அவரிடம்.

“அக்கா, லாபம்னு ஒருத்தரைத் தொட்டுட்டு, அடுத்து அவரையே ரெண்டுன்னு தொட்டிருப்பீக. எத்தனை தடவை சொல்லியிருக்கேன், ஒழுங்கா ஒண்ணுன்னு எண்ணுங்கன்னு!”

அப்படித்தான் நடந்திருக்குமோ? அடுத்த வளைவில் வண்டியைத் திருப்பி மேலே ஏறும்வரை அவள் விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு வந்தது. காலையில் அந்தப் பாதையோரம் ஈரமாக ஒரு புலித்தடம் கிடந்தது. அதை எல்லாருக்கும் காட்டி, கைதட்டுகூட வாங்கியிருந்தாள். இப்போது அந்தத் தடம் அவள் நெஞ்சுமேல் நடந்தது.

மேலே இறங்கினால் தன் கையே தெரியாத பனி. தாயும் தகப்பனும் “எங்கண்ணு! சாமீ!” என்று ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். விசிலுக்குப் பதில் இல்லை. குழந்தை பயந்து ஓடினால் எந்தப் பக்கம் ஓடும்? பத்து நிமிஷம், இருபது நிமிஷம். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. சந்தனமேரி முட்டி போட்டுப் புல்லைத் தடவினாள். மாதாவே, என்னை எடுத்துக்கோ, அதைக் குடுத்துரு.

பிறகு, வேறு வழி தெரியாமல், தொண்டை கிழியக் கத்தினாள்.

“லாபம்!”

ஒன்றுமில்லை.

“லாபம்! தங்கம், லாபம்டி!”

பாறைக்குப் பின்னாலிருந்து அழுது ஓய்ந்த ஒரு சின்னக் குரல். “ரெண்டு.”

ஒரு தாய் வரையாடும் குட்டியும் நின்றிருந்தன. அவற்றுக்குப் பத்தடி தள்ளி, குளிரில் நீலம் பாரித்த உதட்டோடு மோனிஷா உட்கார்ந்திருந்தாள். சந்தனமேரி அவளைத் தூக்கிச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தாள். செல்வலட்சுமி அவள் காலைப் பிடித்தாள். தான் திட்டு வாங்க வேண்டிய இடத்தில் கும்பிடு கிடைத்ததில் சந்தனமேரிக்கு இன்னும் கூசியது.

“எண்ணிட்டுக் கிளம்புவோம்க்கா,” என்றார் ஈஸ்வரன் மெதுவாக.

எண்ணினாள். ஒவ்வொரு தலையிலும் உள்ளங்கையை அழுத்தி வைத்து, மூச்சுவிட்டு, அடுத்ததற்குப் போனாள். கடைசி சீட்டுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது.

இருபத்தாறு.

கடைசித் தலை குல்லாவைத் தாடைவரை இழுத்துவிட்டுக்கொண்டு, தூங்குவதுபோல ஜன்னலில் சாய்ந்திருந்தது. சந்தனமேரி குல்லாவை உருவினாள். டிக்கெட் இல்லாமல் பஸ்ஸில் ஏறாதே என்று நூறு தடவை சொல்லியும் கேட்காமல், மேலே பனியில் கூட்டத்தோடு கூட்டமாக ஏறியிருந்த அண்ணன் மகள். அதாவது, இதை எழுதுகிறவள்.

“நான் தப்பா எண்ணலடி ஜெஸ்னா,” என்றாள் சந்தனமேரி. “அந்தப் புள்ள தலைக்குப் பதிலா ஒன் தலைய எண்ணியிருக்கேன்.”

அடி விழவில்லை. அவள் குல்லாவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏன்டி இது கண்ணுகிட்ட மட்டும் இப்படி நனைஞ்சு கெடக்கு?”

“பனி, அத்தை.”

“நாங்க தேடுறப்ப பஸ்ஸ விட்டு எறங்கவே இல்லையேடி நீ. பனி குல்லாவுக்கு உள்ளயா பேஞ்சுச்சு?”